ஜமுனா சொன்ன பாடு

டாக்டர் வீடியோவில் வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஜமுனா முதலில் செய்த காரியம், கதவோரம் கிடந்த கிழிந்த வலைகளை அள்ளிக் கொல்லைப்பக்கம் போட்டதுதான். அப்புறம் தலைவாரிப் பூ வைத்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டலாமா என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, பொண்ணு பாக்க வராங்களா?” என்றான் அவள் புருஷன் பெருமாள்.

“மாப்ள பாக்க வராங்க. நீ வாய மூடிகினு அந்தாண்ட போய் குந்து.”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். என்ன வாய் முகூர்த்தமோ, நடந்ததும் அதுவாகவே ஆகிப்போனது.

டாக்டர் விசாரிக்க வந்தது ஜமுனாவின் தம்பி தேவேந்திரனைப் பற்றி. கோட்டைக்குப்பத்தில் பிறந்து, பழவேற்காடு ஏரியில் விழுந்து எழுந்து வளர்ந்தவன். அவனுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். ஜமுனாவுக்கு அப்போது பதினாறு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவனையும் கூட்டிப்போய்க் கரையில் உட்கார வைப்பாள். அவன் உட்கார்ந்தால்தானே? தண்ணீருக்குள் ஓடிவந்து அவள் முதுகில் தொற்றிக்கொள்வான். அப்படி வளர்ந்த பிள்ளை இருபத்தைந்து வயதில் ஒரு ஏஜென்டை நம்பிக் கப்பலேறினான். வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல், ராஜ வேலை என்றான் அந்த ஏஜென்ட். நாக்கு அழுகிப்போக அவனுக்கு.

கப்பலில் கால் வைத்த அன்றே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கரையைக் காட்டவில்லை. சம்பளம் கேட்டால் அடி. கூட வேலை பார்த்த ஒருவன் வலை இழுக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தபோது, உடம்பை மீன் வைக்கும் குளிர் அறையில் போட்டு, அதே அறைக்குள் தேவேந்திரனை விட்டு மீன் அடுக்கச் சொன்னார்கள். பதினோரு நாள். மேலே இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்ததாம். அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்ற அன்று குதித்து ஓடிவிட்டான். இப்போது அந்த ஊரில் ஒரு விடுதியில் வைத்துச் சோறு போட்டு, வக்கீலும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏமாற்றிக் கொண்டுபோய் அடிமை வேலை வாங்கப்பட்டவர்களுக்கு அந்த நாடு தங்க அனுமதி கொடுக்கிறது. சும்மா கொடுத்துவிடுவதில்லை. சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினால் ஆள் தாங்கமாட்டான், உருப்படாமல் போய்விடுவான் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் மனநல டாக்டர். அவர் தேவேந்திரனிடம் மூன்று தடவை பேசிவிட்டார். வளர்த்தவளிடமும் ஒரு தடவை பேசிவிட்டு அறிக்கை எழுதப்போகிறார். அந்த அறிக்கையில்தான் தம்பியின் கேஸ் நிற்கிறது. இதையெல்லாம் தேவேந்திரன் போனில் விளக்கிச் சொல்லி, “உள்ளத உள்ளபடி சொல்லுக்கா, போதும்” என்றிருந்தான்.

காலை ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. அங்கே முந்தின நாள் சாயங்காலமாம். திரையில் ஒரு கட்டத்தில் நரைத்த தலை டாக்டரம்மா. இன்னொரு கட்டத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல கலைவாணி என்ற பெண். அமெரிக்காவுக்குப் போய்ப் பல வருஷமாகியும் கோயம்புத்தூர் மரியாதை பேச்சை விட்டுப் போகவில்லை.

“வணக்கமுங்க. டாக்டர் கேக்கறத நான் தமிழ்ல சொல்றேனுங்க. நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்டச் சொல்லிடுவேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேனுங்க.”

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் முன்னால் உட்காருவதுபோல் ஜமுனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தம்பிக்குத் தூக்கம் எப்படிங்க?”

“நல்லா தூங்குவான். படுத்தா இடி வுழுந்தாலும் எழுந்துக்க மாட்டான்.”

“கோவம் வருமுங்களா?”

“அவனுக்கா? அதுர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாம்மா.”

“குடிப்பழக்கம்?”

“கலரு சோடா கூட தொட மாட்டான்.”

“பயம், கெட்ட கனவு ஏதாச்சும்?”

“பயமா? காத்தும் மழையுமா ஊரே உள்ள குந்திகினு இருக்கறப்போ தனியா படகு எடுத்துகினு போனவன். சிங்கம்மா என் தம்பி.”

“இப்பப் போன்ல பேசறப்ப ஏதாச்சும் மாற்றம் தெரியுதுங்களா?”

ஜமுனா கொஞ்சம் தயங்கினாள். ஒன்று தெரியும் அவளுக்கு. பெருமாளிடம்கூடச் சொல்லாத ஒன்று. ஆனால் யாரோ எவரோ, முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகத் தம்பியின் குறையை எடுத்துக் கடைபரப்ப எந்த அக்காவுக்கு மனசு வரும்?

“ஒண்ணும் இல்லீங்க. முன்ன எப்டியோ அப்டியேதான் கீறான்.”

டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “தம்பி ஊருக்குத் திரும்பி வந்தா அவர் நிலைமை என்னங்க ஆகும்?”

இதற்கு மட்டும் ஜமுனா எதையும் மறைக்கவில்லை.

கோட்டைக்குப்பத்துக்காரனுக்குப் பாடு என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்தச் சீட்டில் பேர் இருந்தால் பாடு உண்டு. பேர் இல்லாதவன் ஊரில் இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம், ஊர்க்காரன் ஆகமாட்டான். அப்பாவுக்குப் பாடு இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு அது தேவேந்திரனுக்கு வந்தது. போன சித்திரையில் கோயில் முன்னால் ஊர் கூடியபோது தலைவர் திருவேங்கடம் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, அவன் பேரில் நிறுத்தி, “மூணு சீட்டுக்கு ஆள் வரல, எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். ஜமுனா பெண்கள் பக்கம் நின்று, “வந்துடுவாண்ணா, கொஞ்சம் பொறுங்கண்ணா” என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. விழுந்தது, விழாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

“வந்தா அவனுக்கு இன்னா இருக்குது? பாடு இல்லீங்க,” என்றாள். அழுகை வந்துவிட்டது. “எங்க நைனாகிட்டேருந்து வந்த பாடு. அது போயிடுச்சி. இனிமே வந்தாலும் அவனுக்குப் பாடே இல்லம்மா.”

கலைவாணி இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா கேட்டார், தலையை ஆட்டினார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அன்பான சிரிப்பு. குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சிரிப்பு.

“உங்க மனசு டாக்டருக்குப் புரியுதாமுங்க,” என்றாள் கலைவாணி.

போனை வைத்துவிட்டு ஜமுனா வெகுநேரம் யோசித்தாள். “வெள்ளக்காரிங்க எழவுக்கும் சிரிப்பாங்க போலகீது,” என்றாள் பெருமாளிடம்.

மூன்று வாரம் கழித்துத் தேவேந்திரன் கூப்பிட்டான். வீடியோ இல்லை, வெறும் குரல். அறிக்கையை மனுவோடு சேர்ப்பதற்கு முன்னால் வக்கீல் அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

“அக்கா, டாக்டருகிட்ட நீ இன்னா சொன்ன?”

“நல்லதாதான்டா சொன்னேன். ஏன்?”

“நான் ஊருக்கு வந்தா எனக்குக் கஷ்டமே இருக்காதுன்னு சொன்னியாம். கஷ்டமெல்லாம் போயிடுச்சி, இனிமே வரவே வராதுன்னு அழுதுகினே சொன்னியாம். எனக்குக் கீற கஷ்டம் நைனாகிட்டேருந்து வந்ததாம். அப்டித்தான் எழுதிக்கீது. பயம் கியம் ஒண்ணும் இல்லன்னும் சொல்லிக்கீற. இதோட கேஸ் நிக்காதுங்கறாரு வக்கீலு.”

“ஐயோ, நான் அப்டி சொல்லவேல்லடா!”

அவன் குரல் இறங்கி வந்தது. கோபித்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை.

“நான் வரணும்னு உனக்கு இருந்தா நேரா சொல்லுக்கா. கேஸ் வேணாம்னு ஒரு கையெழுத்து போட்டா அவங்களே டிக்கெட் எடுத்து அனுப்பிடுவாங்க. நீ வான்னா வந்துடறேன்.”

“சோறு பொங்குது, அப்பால பேசறேன்” என்று ஜமுனா போனை வைத்துவிட்டாள். அடுப்பில் சோறும் இல்லை, நெருப்பும் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பெருமாள். வலையில் கை ஓடிக்கொண்டிருக்க, அவள் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு, “நீ பாடுன்னு சொன்னியா?” என்றான்.

“ஆமா. பாடு இல்லன்னு சொன்னேன்.”

“போச்சு. கோயமுத்தூர்க்காரிக்கு ஏரி ஏது, சீட்டு ஏது? அவ ஊர்ல பாடுன்னா படற பாடு. நீ பாடு இல்லன்ன. அது கஷ்டம் இல்லன்னு சொல்லிக்கீது.”

ஜமுனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் டாக்டரம்மா எதற்காகச் சிரித்தார் என்பது விளங்கியது. சாவுச் செய்தியைச் சொன்ன இடத்தில் சுபச் செய்தி என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“போன் போட்டு சொல்லு, முடிஞ்சிது பேஜாரு,” என்றான் பெருமாள்.

அவள் போன் போடவில்லை. அன்றைக்கும் போடவில்லை, மறுநாளும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டால் வெட்கக்கேடுதான். அந்தத் தப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. தங்க அனுமதி கிடைத்துவிட்டால் இன்னும் எத்தனையோ வருஷம் ஊருக்கு வரமுடியாது என்று தேவேந்திரன் முன்பே சொல்லியிருந்தான். கிடைக்காவிட்டால் வருவான். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். யாரோ ஒருத்தி தப்பாகச் சொன்னதற்கு இவளா பொறுப்பு? வாசலில் வந்து நிற்பான். கை கழுவிவிட்டு வாடா என்பாள். இரண்டு நாள் முழுக்க அவனுக்கு மனசுக்குள்ளேயே நண்டுக்குழம்பு வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெருமாள்கூட, “வரட்டுமே, தண்ணிக்குப் போவலன்னா பொன்னேரில எதனா வேல பாக்கட்டும்” என்றான்.

போன பொங்கலன்று நடந்தது பெருமாளுக்குத் தெரியாது. அன்று தம்பி வீடியோவில் வந்தபோது, ஏரியைப் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று போனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். “இதோ பாருடா, உன் ஏரி” என்று தண்ணீர்ப்பக்கம் திருப்பினாள். அதே நேரம் பக்கத்துப் படகில் யாரோ இன்ஜினைக் கிளப்பினார்கள். திரையில் தம்பியைக் காணவில்லை. வெறும் சுவர். எங்கேயோ கீழேயிருந்து, மேஜைக்கு அடியிலிருந்துதான் இருக்க வேண்டும், “அடுக்கறேன் சார், அடுக்கறேன் சார்” என்று அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகமெல்லாம் வேர்த்து மறுபடி வந்தான். “போன் கை தவறிடுச்சிக்கா” என்றான். “ஆமாண்டா, தவறிடும்” என்றாள் இவளும். அதோடு இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஜமுனா ஒரு காரியம் செய்தாள். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். இன்ஜின் சத்தம் கேட்காத ஓர் இடம் ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நடந்தாள். வீட்டின் உள்ளறையில் கேட்டது. கோயிலுக்குப் பின்னால் கேட்டது. பள்ளிக்கூடத்துச் சுவரோரம், புயல் வந்தால் போய்த் தங்கும் கட்டடத்துக்குள், எங்கும் கேட்டது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டாள். பொன்னேரி பஸ் ஆரனை அடித்துக்கொண்டிருந்ததால் அங்கே மட்டும்தான் படகுச் சத்தம் கேட்கவில்லை. ஒரு மனுஷன் பஸ் ஸ்டாண்டிலேயே குடியிருக்க முடியுமா? அப்படியே பொன்னேரியில் வேலை பார்த்தாலும், தண்ணீருக்குப் பயந்து ஓடியவன் என்று ஊர் அவனுக்கு ஒரு பேர் வைக்கும். செத்தாலும் அந்தப் பேர் போகாது.

அங்கேயே நின்று போன் போட்டாள். “டேய், நான் ஒண்ணு சொன்னேன், அவங்க ஒண்ணு எழுதிக்கினாங்க. டாக்டரம்மாவ இன்னொரு வாட்டி பேசச் சொல்லு.”

“நான் வரதா வேணாமாக்கா?”

“முதல்ல பேசச் சொல்லு.”

இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது பூவும் இல்லை, நல்ல புடவையும் இல்லை. பெருமாள் ஏரிக்குப் போயிருந்தான். கலைவாணி முகம் வாடிப்போயிருந்தது. “தப்பு என்னுதுங்கம்மா. எங்க ஊர்ல பாடுன்னா கஷ்டமுங்க. புரியலைன்னா திருப்பிக் கேட்டிருக்கோணும். மன்னிச்சுக்கோங்க.”

“வுடும்மா. இங்கயும் கஷ்டம்தான் அது. இருந்தாலும் கஷ்டம், இல்லாட்டியும் கஷ்டம்.” ஜமுனா சீட்டுப் போடுவதையும் பட்டியலில் பேர் எடுத்ததையும் பொறுமையாக விளக்கினாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். “ஆனா நீ தப்பா சொன்னது எனக்குப் புடிச்சிதாம்மா இருந்துச்சி. ரெண்டு நாளு வாயத் தொறக்காம கம்முனு இருந்தேன். அத டாக்டருகிட்ட சொல்லிடாத.”

“சொல்லியாகணுமுங்களே,” என்றாள் கலைவாணி. “நீங்க என்ன சொன்னாலும் சொல்றதுதானுங்க என் வேலை.” சொல்லியும்விட்டாள்.

டாக்டரம்மா எதுவும் எழுதவில்லை. காத்திருந்தார். ஜமுனா பொங்கலன்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். படகுச் சத்தம், வெறும் சுவர், அடுக்கறேன் சார். சிங்கம் என்று சொன்ன வாயாலேயே, அவன் மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டான் என்று சொன்னாள். கதவு திறந்து கிடக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இந்த ஊரில் எந்த மூலையில் அவனை உட்கார வைத்தாலும் அந்தச் சத்தம் வந்துவிடும் என்றாள்.

“டாக்டர் கேக்கறாங்க,” என்றாள் கலைவாணி. “உங்களுக்குத் தம்பி பக்கத்துல இருக்கோணும்னு ஆசை. அது தெரியுது. அந்த ஆசையைத் தள்ளி வெச்சுட்டுச் சொல்லுங்க. தம்பி இனி எங்க...” அதற்குள் குரல் உடைந்து, படம் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது.

வீட்டுக்குள் டவர் எப்போதும் இப்படித்தான் காலை வாரும். ஜமுனா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். கரையில் இறால் தடவப் போகும் பெண்கள் கூடைகளோடு தண்ணீர் வடிவதற்காகக் காத்திருந்தார்கள். படகுக்காரர்கள் நாலைந்து பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கேக்குதுங்களா? தம்பி ஊருக்குத் திரும்பி வரலாமுங்களா, வேண்டாமுங்களா? நீங்க என்ன நினைக்கறீங்க?”

“வர வேணாம்,” என்றாள் ஜமுனா.

“சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க.”

“வர வேணாம்மா.”

“விட்டு விட்டு வருதுங்க. கொஞ்சம் சத்தமா.”

“என் தம்பி இங்க வரவே வேணாம்!” என்று கத்தினாள் ஜமுனா. “எந்தக் காலத்துலயும் வர வேணாம்! இந்த ஊரு அவனுக்கு ஆகாது, வர வேணாம்னு எழுதிக்கச் சொல்லு!”

இந்தத் தடவை கேட்டுவிட்டது. அமெரிக்காவிலும் கேட்டது, கோட்டைக்குப்பத்திலும் கேட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கலைவாணி நாலே வார்த்தையில் அதை இங்கிலீஷாக்கினாள். டாக்டரம்மா தலையைக் குனிந்து எழுதினார். நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது.

ஜமுனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கூடையோடு வினோதினி பக்கத்தில் வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, ஜமுனாவோடு தினம் ஏரியில் இறங்குகிறவள்.

“இன்னாக்கா இது? கூடப் பொறந்தவன வர வேணாம்னு இந்தக் கத்து கத்தற?”

ஜமுனா போனை இடுப்பில் செருகினாள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் தம்பி மேஜைக்கடியில் ஒளிந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வினோதினியிடம் சொன்னது படகுக்காரர்களுக்குப் போகும், படகுக்காரர்களிடமிருந்து திருவேங்கடத்துக்குப் போகும். இன்ஜின் கிளம்பும்போதெல்லாம் தேவேந்திரன் மாதிரி ஒளிந்து காட்டிச் சிரிப்பார்கள்.

வினோதினி குரலைத் தாழ்த்தினாள். “வந்தா, நீ கீற உங்க நைனா வூட்டுல பங்கு கேப்பான்னுதானா?”

ஏரியில் இரண்டு படகுகள் இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு போயின. அவை தாண்டும்வரை ஜமுனா நின்றாள்.

“ஆமா,” என்றாள். “வந்தா பங்கு கேப்பான்.”

அன்று மாலைக்குள் ஊர் முழுக்க அதை நம்பிவிட்டது.